சுடிதார் டாப்புக்குச் சொந்தமாக ஒரு பேட்டர்ன்: அளவெடுப்பதிலிருந்து துணி வெட்டும் வரை

எங்கள் தர்மபுரி பக்கம் எந்தத் தையல் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது "அளவு டாப் கொண்டு வந்தீங்களா?" என்றுதான். நாம் கொடுக்கும் பழைய டாப்பைப் புதுத் துணி மேல் விரித்து, ஓரமாகச் சாக்பீஸ் கோடு போட்டு, வெட்டிவிடுவார்கள். வீட்டில் தைக்கிற நாமும் அதையேதான் செய்கிறோம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்த அளவு டாப் போன தீபாவளிக்கு வேறொரு டாப்பை வைத்து வெட்டியது, அது அதற்கும் முந்தின ஒன்றை வைத்து வெட்டியது, நடுவில் ஒன்று துவைத்துச் சுருங்கியிருக்கும், இன்னொன்று பக்கத் தையல் பிரித்து விட்டதாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் கால் இன்ச் இப்படி அப்படி நகர்ந்து, நாலாவது டாப்பில் பஸ் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் மொத்த டாப்பும் கூடவே மேலே ஏறுகிறது. "உடம்பு போட்டுடுச்சு" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். உடம்பு ஒன்றும் போடவில்லை, நகலுக்கு நகல் எடுத்து அளவு தேய்ந்துவிட்டது.

இதற்கு ஒரே வழி, உடம்பை நேராக அளந்து காகிதத்தில் ஒரு பேட்டர்ன் போட்டு, அதைத் தைத்துப் பார்த்துத் திருத்தி, அந்தக் காகிதத்தையே பத்திரமாக வைத்துக்கொள்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும். அதன் பிறகு ஒரு டாப் வெட்ட இருபது நிமிஷம் போதும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்தில். பர்கூரில் ஹைவே ஓரம் வரிசையாக இருக்கிற துணிக்கடைகளில் ஒருநாள் முழுக்க அலைந்து எடுத்த கத்திரிப்பூ நிறக் காட்டன் துணியை, அளவு டாப்பை நம்பி வெட்டி, இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி, மீதித் துணியும் இல்லாமல் கடைசியில் கையில்லா டாப்பாகத் தைத்து வைத்தேன். அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

என்னென்ன வேண்டும்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் புத்தகத்துக்கு அட்டை போட விற்கிற பிரவுன் ஷீட் ரோல் ஒன்று. இல்லையென்றால் பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டிக்கொள்ளலாம், நல்ல கனமான தாள். செய்தித்தாள் வேண்டாம் என்பேன், மை வெள்ளைத் துணியில் ஒட்டும், எழுத்துக்கு நடுவில் நம் பென்சில் கோடும் தெரியாது. டேப், நீளமான ஸ்கேல், பென்சில், ரப்பர், குண்டூசி, செல்லோ டேப். வளைவு போடத் தனியாக ஸ்கேல் விற்கிறார்கள், வாங்கினால் நல்லது. நான் முதல் இரண்டு வருஷம் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை வைத்துத்தான் கைக்குழி (கையை டாப்போடு சேர்க்கிற வளைவு) வரைந்தேன், குறை ஒன்றும் வரவில்லை.

கத்தரி மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் வெட்டிய கத்தரியால் துணி வெட்டக் கூடாது, மழுங்கிவிடும். துணிக் கத்தரியின் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் வீட்டில் இருக்கிற மற்றவர்களும் பால் பாக்கெட் வெட்ட அதை எடுக்க மாட்டார்கள். மாட்டார்கள் என்று நம்புவோம்.

டேப்பை ஒரு தடவை ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வருஷம் இழுத்த டேப் நீண்டிருக்கும். அந்த டேப்பில் அளந்தால் உடம்பு உள்ளதைவிடச் சிறிதாகக் காட்டும், டாப்பும் அதற்கேற்ப இறுக்கமாக வரும்.

அளவு எடுப்பது

உங்களை நீங்களே அளக்காதீர்கள். குனிந்து டேப்பைப் பார்த்த உடனே நெஞ்சளவும் இடுப்பளவும் மாறிவிடும், தோள் அளவோ தனியாக எடுக்கவே முடியாது. வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். வழக்கமாகப் போடுகிற உள்ளாடையோடு, உடம்பை ஒட்டிய ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். முதலில் இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் லேசாகச் சாய்ந்து எழுந்தால் நாடா தானே போய் உட்காரும் இடம்தான் இடுப்பு, பேன்ட் போடுகிற இடம் இல்லை.

எடுக்க வேண்டியவை இவ்வளவுதான். தோள் (பின்பக்கம் ஒரு தோள் எலும்பின் நுனியிலிருந்து மறு தோள் நுனி வரை), நெஞ்சுச் சுற்று, இடுப்புச் சுற்று, சீட் (உட்காரும் பகுதி) சுற்று, கழுத்தோரத் தோளிலிருந்து இடுப்பு நாடா வரை, அங்கிருந்தே சீட்டின் அகலமான இடம் வரை, முழு நீளம், கை நீளம், மேல்கைச் சுற்று. நெஞ்சு அளக்கும்போது டேப் முதுகில் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அளவு தப்பாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவது தடவை.

டேப்பில் ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். இங்கே எல்லாமே இன்ச் கணக்கு.

காகிதத்தில் வரைவது

ஒரு உதாரணத்தோடு போகலாம். தோள் 14, நெஞ்சு 36, இடுப்பு 30, சீட் 38, தோளிலிருந்து இடுப்பு 15, சீட் 21, முழு நீளம் 42, கை நீளம் 10, மேல்கை 12. உங்கள் அளவுகளை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பளவும் உடையளவும் ஒன்றில்லை. மூச்சு விட, உட்கார, வண்டி ஓட்ட இடம் வேண்டும். இந்த மாதிரி டாப்புக்கு நான் நெஞ்சில் 3, இடுப்பில் 4, சீட்டில் 3 இன்ச் கூட்டுகிறேன். அப்படியென்றால் நெஞ்சு 39, இடுப்பு 34, சீட் 41. முன்பக்கத்தில் பாதி, பின்பக்கத்தில் பாதி வரைவதால் நாலால் வகுக்க வேண்டும்: 9¾, 8½, 10¼.

காகிதத்தின் இடது ஓரம் மடிப்பு ஓரம், அதாவது உடம்பின் நடுக்கோடு. மேலே ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். அதில் இடது ஓரத்திலிருந்து 3 இன்ச்சில் கழுத்துப் புள்ளி, 7 இன்ச்சில் (தோளில் பாதி) தோள் புள்ளி. தோள் புள்ளியை முக்கால் இன்ச் கீழே இறக்கிக் கழுத்துப் புள்ளியோடு சேருங்கள், தோள் சரிவு வந்துவிட்டது. இனி மேல் கோட்டிலிருந்து கீழே 7½ இன்ச்சில் ஒரு படுக்கைக் கோடு, அது நெஞ்சுக் கோடு (நெஞ்சளவில் கால் பங்கு, அதில் ஒன்றரை குறைத்தால் வருவது). அதில் 9¾ அளந்து புள்ளி வையுங்கள். 15 இன்ச்சில் இடுப்புக் கோடு, அதில் 8½. 21 இன்ச்சில் சீட் கோடு, அதில் 10¼. 42 இன்ச்சில் அடி, அங்கே 11¼. சீட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓபன் (தைக்காமல் விடுகிற பிளவு) வரும். நெஞ்சிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து சீட் என்று புள்ளிகளைச் சேர்க்கும்போது இடுப்பில் முழங்கை மடக்கினது போல முனை வராமல் வளைத்துக் கொண்டு போங்கள்.

கைக்குழிதான் கொஞ்சம் நிதானமாக வரைய வேண்டியது. தோள் நுனியிலிருந்து நேராக நெஞ்சுக் கோடு வரை ஒரு மெல்லிய கோடு இறக்குங்கள். பின்பக்கத்துக்கு, இந்தக் கோட்டின் பாதி வரை ஒட்டியே வந்து அப்புறம் வளைந்து 9¾ புள்ளியைத் தொட வேண்டும். முன்பக்கத்துக்கு, கோட்டின் நடுவில் அரை இன்ச் உள்ளே வாங்கி வளைக்க வேண்டும். ஏனென்றால் கை முன்னால்தான் அதிகம் அசைகிறது, அங்கே துணி நின்றால் சுருக்கமாகக் குவியும். இந்த அரை இன்ச் வித்தியாசத்தை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே மாதிரி வெட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் டாப்பில் அக்குளுக்கு முன்னால் எப்போதும் ஒரு மடிப்பு நிற்கும்.

கழுத்து, முன்னால் 5 இன்ச், பின்னால் 4 என்று முதல் தடவை மேலாகவே வையுங்கள். ஆழம் வேண்டும் என்றால் அப்புறம் வெட்டிக்கொள்ளலாம், ஒட்டத்தான் முடியாது. நடு ஓரத்தில் கழுத்து வளைவு முதல் அரை இன்ச்சுக்கு நேர் படுக்கையாகப் போக வேண்டும். சாய்வாகத் தொடங்கினால் துணியை விரிக்கும்போது கழுத்தின் நடுவில் ஒரு கூர் முனை நிற்கும்.

முன், பின் இரண்டையும் தனித்தனித் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கை

கைக்கு ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்து வரைந்து, பிறகு கைக்குழியில் ஏற்றும்போது இழுத்துப் பிடித்துத் தைப்பதுதான் பெரும்பாலான வீட்டுத் தையலின் தலைவலி. கைக்குழியை முதலில் அளந்துவிட்டு அதற்கேற்பக் கையை வரைந்தால் இந்தத் தொல்லையே இல்லை. டேப்பைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி வைத்து வளைவோடு ஓட்டுங்கள். முன், பின் கைக்குழி இரண்டையும் கூட்டினால் நம் உதாரணத்தில் ஏறக்குறைய 16½ வரும். பாதி 8¼.

புதுத் தாளை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்தில் ஒரு புள்ளி, அது கையின் உச்சி. அங்கிருந்து 3½ இன்ச் கீழே ஒரு படுக்கைக் கோடு. உச்சிப் புள்ளியில் ஸ்கேலை வைத்து, 8¼ இன்ச் அந்தப் படுக்கைக் கோட்டை எங்கே தொடுகிறதோ அங்கே புள்ளி வைத்துச் சாய்கோடு போடுங்கள். கையின் பாதி அகலம் தானே கிடைத்துவிடும், இங்கே ஏறக்குறைய ஏழரை. முழு அகலம் 15 வருகிறது, மேல்கை 12, நல்ல இடம் இருக்கிறது. உச்சியிலிருந்து கை நீளம் 10 இன்ச்சில் கையின் அடி. சாய்கோட்டின் மேல் பாதியில் வெளியே அரை இன்ச் புடைத்தும், கீழ்ப் பாதியில் கால் இன்ச் உள்ளே வாங்கியும் வளைவு வரையுங்கள். முன்பக்கக் கையில் அந்த உள்வாங்கலை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். வளைவு முழுவதையும் அளந்தால் கைக்குழியைவிட அரை இன்ச் வரை அதிகம் வரலாம், அதை உச்சியில் லேசாகச் சுருக்கித் தைக்க வேண்டும். ஒரு இன்ச்சுக்கு மேல் அதிகம் வந்தால் உச்சியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

கையின் முன்பக்க வளைவில் ஒரு சின்ன வெட்டு அடையாளம், பின்பக்கத்தில் இரண்டு. அதே போல டாப்பின் முன் கைக்குழியில் ஒன்று, பின் கைக்குழியில் இரண்டு. உலகம் முழுக்கப் பல அச்சுப் பேட்டர்ன்களில் இருக்கிற வழக்கம் இது. எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் அந்தக் கத்திரிப்பூ டாப்புக்குக் கை இருந்திருக்கும்.

தையல் விடுவது

இதுவரை வரைந்தது தைக்கிற கோடு. வெட்டுகிற கோடு அதற்கு வெளியே. பக்கத்தில் 1 இன்ச், தோளிலும் கைக்குழியிலும் அரை, கழுத்தில் கால், அடியில் ஒன்றரை. பக்கத்தில் ஒரு இன்ச் விடுவது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம். நாளைக்குப் பிரித்து விட வழி இருக்கிறது. இரண்டு கோட்டையும் பேட்டர்னிலேயே வரைந்து, எவ்வளவு விட்டோம் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தாளை எடுத்து "இது தையல் விட்டதா, விடாததா?" என்று முழிப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கும்.

வெட்டிய தாள்களை ஒன்றோடு ஒன்று வைத்துச் சரிபாருங்கள். முன் தோளும் பின் தோளும் ஒரே நீளமா, பக்கத் தையல்கள் ஒரே நீளமா, தோளைச் சேர்த்து வைத்தால் கழுத்து வளைவு முட்டி நிற்காமல் ஓடுகிறதா. காகிதத்தில் பொருந்தாதது துணியில் இழுத்தால்தான் பொருந்தும், இழுத்துத் தைத்ததைத் துவைத்ததும் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சுப் பேட்டர்ன் கிடைத்தால்

இப்போது போனிலேயே பேட்டர்ன் கிடைக்கிறது, இலவசமாகவும் விலைக்கும். ஒரே உடைக்குப் பல அளவுகளில் காகிதப் பேட்டர்ன் விற்பதை 1863-இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் தொடங்கிவைத்தார். அந்தப் பட்டரிக் பெயரில் அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பேட்டர்ன் வந்தது. இவற்றை எடுத்தால் மூன்று விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, பிரின்ட். ஏ4 தாள்களாக எடுத்து ஒட்ட வேண்டிய பேட்டர்னில் முதல் பக்கத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் முதலில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, சதுரத்தை ஸ்கேலில் அளந்து பார்த்துவிட்டு மீதியை எடுக்கச் சொல்லுங்கள். நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும். "பேஜுக்குப் பொருத்து" என்று மெஷினே சுருக்கிவிடும், 4 சதவீதம் குறைந்தாலே 39 இன்ச் 37½ ஆகிவிடும். ஒரு கடையில் நான் இதைச் சொன்னபோது "கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க்கா" என்றார் அந்தத் தம்பி. கண்ணுக்குத் தெரியாதுதான், கைக்குத் தெரிந்தது.

இரண்டு, சைஸ் நம்பர். நாம் கடையில் வாங்குகிற சைஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதிலிருக்கிற அளவுப் பட்டியலில் உங்கள் நெஞ்சளவு எந்த வரிசையில் வருகிறதோ அதுதான் உங்கள் சைஸ், நம்பர் என்னவாக இருந்தாலும்.

மூன்று, தையல் விட்டிருக்கிறதா இல்லையா. அமெரிக்கக் கம்பெனிகளின் உறைப் பேட்டர்ன்களில் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டிருக்கும், ஜெர்மனியின் பர்டா இதழ்ப் பேட்டர்ன்களில் விடாமல் இருப்பது வழக்கம். குறிப்பைப் படிக்காமல் கத்தரியை எடுக்க வேண்டாம். நீண்ட அம்புக்குறி நூல் ஓட்டத்தை (துணியின் நீளவாக்கு நூல் போகிற திசையை) காட்டுகிறது, இரண்டு முனையும் மடங்கிய அம்பு துணியின் மடிப்பில் வைக்கச் சொல்கிறது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு இருந்தால் நீளம் கூட்டவோ குறைக்கவோ அங்கே வெட்டு என்று அர்த்தம். அடியில் வெட்டி நீளம் குறைக்கக் கூடாது, இடுப்பு தப்பான இடத்தில் போய் உட்காரும்.

ஒத்திகை டாப்

நல்ல துணியை வெட்டும் முன் வேறொரு துணியில் தைத்துப் பார்ப்பது இது. இதைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. தாண்டாதீர்கள். காடா துணி கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லை பழைய காட்டன் வேட்டி போதும். (பழைய சேலை வேண்டாம், குழைந்து போயிருக்கும், குறையைக் காட்டாது.) சீட்டுக்குக் கீழே நாலு இன்ச் வரை மட்டும் வெட்டினால் போதும். மிஷினில் தையலைப் பெரிதாக வைத்து ஓட்டுங்கள், பிரிக்கச் சுலபம். கழுத்து மடிக்க வேண்டாம், ஒரு கையை மட்டும் ஏற்றுங்கள்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். நின்று பார்த்தால் மட்டும் போதாது, உட்காருங்கள், பரண் மேலிருந்து எதையோ எடுப்பது போலக் கையைத் தூக்குங்கள். இனி துணி எங்கே மடிகிறது என்று படிக்க வேண்டும்.

கையைத் தூக்கினால் டாப் முழுவதும் மேலே ஏறுகிறதா? உடனே எல்லாரும் கைக்குழியை இன்னும் கீழே வெட்டுவார்கள். அதுதான் தப்பு. குழி கீழே போகப் போகக் கையும் பக்கத் தையலும் ஒன்றாகக் கட்டப்பட்டு இன்னும் அதிகமாக ஏறும். அக்குளில் அரை இன்ச் மேலே கொண்டுவர வேண்டும், ஒத்திகையில் அங்கே ஒரு துண்டை ஒட்டுப் போட்டுப் பார்த்தால் நம்புவீர்கள். நெஞ்சுக் கோட்டை 7½-இலிருந்து 7-க்கு உயர்த்துவது, அவ்வளவுதான். எனக்கு இதை நம்பவே மூன்று டாப் ஆனது. ஒன்று மறக்காதீர்கள், குழியைத் தொட்டால் கையையும் மறுபடி அளந்து வரைய வேண்டும்.

கழுத்தோரத்திலிருந்து கைக்குழியைப் பார்க்கச் சாய்வாக மடிப்பு விழுகிறதா? உங்கள் தோள் நாம் வரைந்ததைவிடச் சரிவானது, தோள் நுனியைக் கால் இன்ச் இறக்குங்கள். முதுகில் கழுத்துக்குக் கீழே படுக்கையாக ஒரு மடிப்பு நிற்கிறதா? தோள் நேராக இருக்கிறது, நுனியை உயர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் மடிப்பா? ஆச்சரியப்படாதீர்கள், சின்ன வயதிலிருந்து ஒரே இடுப்பில் குடம் சுமந்தவர்களுக்கும், ஒரே தோளில் பை மாட்டியவர்களுக்கும் ஒரு தோள் இறங்கித்தான் இருக்கும். பேட்டர்னில் "இடது தோள்" என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்புக்கு மேலே துணி குவிந்து நின்றால் முதலில் சீட்டைப் பாருங்கள். சீட்டில் இறுகினால் டாப் கீழே இறங்க முடியாமல் இடுப்பில் போய்த் தேங்கும். நிற்கும்போதே பக்க ஓபன் வாயைப் பிளந்தது போல விரிந்திருந்தால் அதுவே சாட்சி. சீட்டில் கூட்டுங்கள், இடுப்பில் பிடிக்காதீர்கள்.

முன்பக்கம் நெஞ்சிலிருந்து பக்கத்துக்கு இழுவைக் கோடு விழுந்து, முன் அடி பின் அடியைவிடத் தூக்கலாக நின்றால், நெஞ்சுக்கு மேல் போக முன்பக்கத்தில் நீளம் போதவில்லை. இதற்கு டாட் (துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கிற பிடி) வேண்டும். முன் பேட்டர்னை அக்குளுக்கு மூன்று இன்ச் கீழே படுக்கையாக முழுசாக வெட்டி, ஒரு இன்ச் இடைவெளி விட்டு நடுவில் தாள் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒரு இன்ச் நீண்டுவிட்டது. அந்த ஒரு இன்ச்சைப் பக்கத் தையலில் மட்டும் டாட்டாகப் பிடித்துவிட்டால் பக்கம் பழையபடி பின்பக்கத்தோடு ஒத்துப்போகும், நடுவில் மட்டும் நீளம் நிற்கும். டாட்டின் முனை மார்பு முனைக்கு ஒரு இன்ச் முன்னமே நின்றுவிட வேண்டும். முனை வரை கொண்டுபோனால் கூம்பு போல நிற்கும், பார்க்கச் சங்கடமாக இருக்கும். நெஞ்சு கொஞ்சம் நிறைந்தவர்கள் "எனக்கு ரெடிமேட் எதுவுமே சரியாக வராது" என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு இன்ச்சைத்தான்.

ஒரு திருத்தத்தைச் செய்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். மூன்றையும் ஒன்றாகச் செய்தால் எது எதைச் சரி செய்தது என்றே தெரியாது. எல்லாத் திருத்தத்தையும் காகிதத்துக்குக் கொண்டுபோய், தேதி போட்டு எழுதுங்கள்.

துணியில் வைப்பது

காட்டன் என்றால் முதலில் நனைத்துவிடுங்கள். சாயம் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில்தான் நான் இதை வைத்துக்கொள்வது. முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, தேய்த்து, கரை ஓரம் (துணியின் நெய்த விளிம்பு) நேராக இருக்கும்படி விரியுங்கள். பேட்டர்னில் மடிப்பு ஓரத்துக்கு இணையாக ஒரு நீண்ட அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள், அது கரைக்கு இணையாக ஓட வேண்டும். அம்பின் இரண்டு முனையிலிருந்தும் கரை வரை டேப் வைத்து அளந்தால் ஒரே எண் வர வேண்டும். கண் திட்டத்தில் வைத்துக் கோணலாக வெட்டிய டாப் இரண்டு துவையலில் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

44 இன்ச் அகலத் துணியை நடுவில் மடித்து வெட்டுவதுதான் நிறையப் பேர் செய்வது. அப்படிச் செய்தால் பக்கத்தில் மிஞ்சுவது இரண்டு ஒல்லித் துண்டு, அதில் கை வராது. நம் பேட்டர்ன் தையலோடு அகலமான இடத்தில் 12¼ தான், அதனால் கால் இன்ச் கூட விட்டு, ஒரு கரையிலிருந்து 12½ இன்ச் மட்டும் மடியுங்கள். 25 இன்ச் அதற்குப் போய், மறுபக்கம் 19 இன்ச் ஒற்றைத் துணியாக முழுசாக மிஞ்சும், கை அதில் தாராளமாக வரும். முன், பின் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் 88 இன்ச், இரண்டேகால் மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். நனைத்துச் சுருங்குவதற்கும் சேர்த்து இரண்டரையாக வாங்கிவிடுங்கள். 58 இன்ச் அகலம் கிடைத்தால் இரண்டு கரையையும் நடுவைப் பார்த்து மடித்து, முன்னையும் பின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம், ஒன்றரை மீட்டரில் முடிந்துவிடும்.

ஒற்றைத் துணியில் கை வெட்டும்போது இரண்டாவது கைக்குக் காகிதத்தைக் கவிழ்த்துப் போட வேண்டும். இதை மட்டும் நான் இரண்டு தடவை சொல்வேன். கவிழ்த்துப் போட வேண்டும்.

பூப்போட்ட துணி என்றால் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள், முதுகில் மட்டும் தலைகீழாகப் பூத்திருக்கக் கூடாது. கட்டம் போட்டதில் இரண்டு பக்கத் தையலிலும் ஒரே கட்டம் சேரும்படி வைக்கக் கால் மீட்டர் கூட வாங்க வேண்டியிருக்கும். முதல் டாப்புக்குக் கட்டமும் வேண்டாம், வழுக்குகிற துணியும் வேண்டாம்.

தரையில் விரித்து, காகிதத்தின் மேல் கனமாக எதையாவது வையுங்கள், நான் உப்பு பாக்கெட்டும் படிக்கல்லும் வைக்கிறேன், குண்டூசியைவிடத் துணி நகராமல் இருக்கிறது. கத்தரியின் கீழ் அலகு தரையைத் தொட்டபடியே போக வேண்டும், துணியைத் தூக்கி வெட்டினால் கோடு அலையும். கைக்குழி அடையாளங்கள், டாட் முனை, இடுப்புக் கோடு, எல்லாவற்றையும் காகிதத்தை எடுக்கும் முன் துணியின் உள்பக்கம் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். பேனா வேண்டவே வேண்டாம், தேய்க்கிற சூட்டில் இறங்கி வெளியே தெரியும்.

பேட்டர்னை வைத்துக்கொள்வதும் வளர்ப்பதும்

இரண்டு மூன்று டாப் தைத்து, இனி திருத்தமே வரவில்லை என்று ஆன பிறகு அதைக் கெட்டியான எதிலாவது மாற்றி வரைந்துவிடுங்கள். சார்ட் போதும். என்னைக் கேட்டால் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைவிடச் சிறந்தது இல்லை. எங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டு, காதணி விழா என்று வாரம் ஒரு பேனர் கட்டுகிறார்கள், விழா முடிந்ததும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், மார்க்கரில் வரையலாம், கிழியாது, கரையான் அரிக்காது. அயர்ன் பாக்ஸை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மேலே ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள், மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டில் அளவு தவறும்.

இந்த ஒரு பேட்டர்னிலிருந்தே மற்றதெல்லாம் வரும். இடுப்பில் உள்ளே வாங்காமல் நெஞ்சிலிருந்து அடி வரை நேராகச் சாய்த்தால் ஏ-லைன், நெஞ்சில் இன்னும் மூன்று நாலு இன்ச் தளர்த்திக் கணுக்கால் வரை நீட்டினால் நைட்டி. புடவைக்குப் போடுகிற ஜாக்கெட்டுக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். அது உடம்போடு ஒட்டி நாலு டாட்டில் நிற்கிற உடை, அதற்கு வேறு பேட்டர்ன், வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தங்கைக்கோ அக்காவுக்கோ இதே பேட்டர்னைப் பெரிதாக்கித் தர வேண்டுமானால் ஜெராக்ஸில் பெரிதுபடுத்தும் யோசனை வேண்டாம். நெஞ்சு இரண்டு இன்ச் கூடும்போது தோளும் கழுத்தும் அதே கணக்கில் கூடாது. பக்கத்தில் அரை இன்ச் கூட்டுங்கள், பாதித் தோளில் கால் இன்ச்சுக்கு மேல் போகாதீர்கள், கழுத்தை அப்படியே விடுங்கள், அப்புறம் அவர்களுக்கென்று ஒரு ஒத்திகை. குழந்தைகளுக்குப் பேட்டர்ன் சேர்த்து வைப்பது வீண், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டியிருக்கும். அடியில் மூன்று இன்ச் மடித்து வைத்துத் தைத்தால் அடுத்த வருஷமும் ஓடும்.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மிஷின் வாங்கிய பெண்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். வீட்டிலிருந்து தைத்துச் சம்பாதிக்கிற எண்ணம் இருந்தால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பிரவுன் ஷீட் பேட்டர்ன் போட்டுப் பெயர், தேதி, துணி எவ்வளவு ஆனது என்று எழுதி வையுங்கள். அடுத்த தடவை அவர்கள் அளவு டாப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, போனில் "அதே மாதிரி, கை மட்டும் நீளமா" என்றால் போதும்.

என் அம்மாவின் பேட்டர்ன் ஒரு காதணி விழா பேனரின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதில் இதுவரை ஆறு தேதிகள். கடைசியாகப் போன தை மாதம் எழுதியது: "முதுகு கொஞ்சம் வளைவு, பின் நீளம் அரை கூட்டு. முன் அரை குறை. கழுத்து ஆழம் வேண்டாமாம்."